கச்சான் பட்டர் ஐஸ்கிறீம்: கட்டி கட்டியாய்க் கடிபட வேணும் எண்டுறவை வாங்கோ

வெள்ளவத்தை அலை:
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில ஐஸ்கிறீம் எண்டால் வனிலா, சொக்லேட், புரூட் அன்ட் நட் எண்டுதான் கதை போகும். எனக்கு அதுகளிலயும் குறை இல்லை. எண்டாலும் என்ர மனசு கச்சான் பட்டர் ஐஸ்கிறீமிலதான். மேலால நாலு கச்சான் தூவின வனிலாவை நான் சொல்லேல்ல. பாலும் கிறீமும் கச்சான் பட்டரோட ஒண்டாய்க் கலந்து கனமாய் இருக்க வேணும். நடுவால உப்புக் கரிக்கிற தடிப்பான பட்டர் கோடு ஓட வேணும். கரண்டி போற இடமெல்லாம் கருக வறுத்த பாதிக் கச்சான் தட்டுப்பட வேணும். ரொறன்ரோவில சித்தி வீட்டை நிண்ட நேரம் அப்பிடி ஒண்டு சாப்பிட்டனான். பெட்டியின்ர அடிமட்டும் கச்சான் மொறுமொறுப்பாய்க் கிடந்தது.

இங்க வாங்கினதில் கனக்கப் பெட்டியில கச்சான் ஊறிப் பஞ்சாய்க் கிடக்கு. ஏன் அப்பிடி ஆகுது? வீட்டில செய்யிற ஆக்கள் எப்பிடிச் செய்யிறியள்? கட்டிக் கட்சி, மென்மைக் கட்சி எல்லாரும் வாங்கோ.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, நான் மென்மைக் கட்சி. ஐஸ்கிறீம் எண்டால் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள்ள போக வேணும். கச்சானைக் கடிக்க ஆசை எண்டால் கச்சானைத் தனியா வாங்கிக் கடிக்கலாமே. குளிரில கச்சானுக்கு ருசியே இல்லை, பல்லுத்தான் கூசும். பட்டராய் அரைச்சுக் கலந்தால்தான் கச்சான் வாசம் முழுசா வரும்.

கட்டிக்கு ஒரு வோட்டு:
அலை அக்காவுக்கு என்ர வோட்டு. கடிபடாட்டி அது ஐஸ்கிறீம் இல்லை, குளிர்ந்த பாயாசம்.

பாலும் பனியும்:
நான் பாற்பொருள் உற்பத்தியில வேலை செய்யிற ஆள். அலை தங்கச்சி கேட்ட கேள்வி நாங்கள் வேலைத்தளத்தில ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்டுற விசயம். அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

கச்சான் ஊறுறதுக்குக் காரணம் தண்ணி. வறுத்த கச்சானுக்குள்ள ஈரம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. ஐஸ்கிறீமில பாதிக்கு மேல தண்ணி. பிரீசரில -18 பாகையில வைச்சாலும் அந்தத் தண்ணி முழுக்க ஐஸ் ஆகாது. சீனியும் பாலில இருக்கிற மற்றச் சத்துகளும் கரைஞ்சிருக்கிறபடியால் ஒரு பங்கு உறையாமல் பாகாய் நிக்கும். அந்தப் பாகுதான் நாள் போகப் போகக் கச்சானுக்குள்ள இறங்குது. ஆலையில இருந்து கடைக்கு, கடையில இருந்து உங்கட வீட்டுக்கு எண்டு பெட்டி இளகி இளகித் திரும்ப உறைஞ்சால் இன்னும் கெதியாய் இறங்கும். இதைத் தடுக்க நல்ல வழி, கச்சானுக்கும் பாலுக்கும் இடையில கொழுப்பால ஒரு சுவர் கட்டுறது. சொக்லேட் பூசின கச்சான் போடுறது அழகுக்கு எண்டு நினைச்சிருப்பியள். அந்தப் பூச்சு இல்லாட்டி மொறுமொறுப்பு நிக்காது.

பட்டர் கோட்டின்ர கதை வேற. கச்சானில ஏறக்குறையப் பாதி எண்ணெய், கால்வாசி புரதம். அரைச்ச பட்டரில தண்ணி இல்லாதபடியால் அது ஐஸ் ஆகாது. எண்டாலும் கச்சான் எண்ணெய் 0 பாகைக்குக் கிட்டவே தடிக்கத் தொடங்கிடும். கச்சானை மட்டும் அரைச்சு அப்பிடியே பிரீசரில வைச்சால் இறுகிக் கரண்டிக்கு வராது. அதுதான் குளிரிலயும் தடிக்காத எண்ணெய் கொஞ்சம், ஐசிங் சீனி, உப்பு எல்லாம் சேர்த்து இளக்கித்தான் கோடாய் ஓட விடுறது. குளிரில இனிப்பும் வாசமும் மந்தமாய்த்தான் நாக்குக்குத் தெரியும். அதனால கோட்டில உப்பு ஒரு படி தூக்கலாய் நிக்க வேணும். சாதாரண வெப்பத்தில நக்கிப் பார்க்க "உப்புக் கூடிப்போச்சோ" எண்டு நினைக்க வைக்கிற அளவு சரியான அளவு.

தம்பி சொன்னதிலயும் உண்மை இருக்கு. குளிர்ந்த கச்சான் உடனே வாசம் விடாது. ஆனால் முதல்ல பால் உருகிப் போகும், கச்சான் வாயில மிஞ்சும். அதைக் கடிச்சு அரைக்க அரைக்க வாய்ச் சூட்டில வறுத்த வாசம் எழும்பி வரும். ஒரு கரண்டியில இரண்டு ருசி. அந்த இரண்டாவது ருசிக்காகத்தான் நான் கட்டிக் கட்சி.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அண்ணை, இரண்டாவது ருசி எண்டதை யோசிச்சுப் பாக்கிறன். கட்சி மாறேல்ல.

கிருலப்பனை வாசகன்:
கட்டி எண்டதும் ஒரு விசயம் சொல்ல வேணும். அமெரிக்காவில வெர்மொன்ற் மாநிலத்து பேர்லிங்டன் ஊரில 1978இல, ஒரு பழைய பெற்றோல் ஷெட்டைத் திருத்தித்தான் பென் அன்ட் ஜெரிஸ் கடையைத் தொடங்கினவை. அந்த இரண்டு பேரில பென் கோஹனுக்கு மணம் பிடிபடுறது மிச்சம் குறைவு. மணம் தெரியாட்டி ருசியும் அரைவாசி தெரியாது. அவருக்கு ஐஸ்கிறீமின்ர இன்பம் வாயில தட்டுப்படுறதிலதான் இருந்தது. கட்டிகளைப் பெரிசு பெரிசாய்ப் போட வேணும் எண்டு அவர் ஒரே பிடியாய் நிண்டதாலதான் அந்தக் கொம்பனிக்குக் கட்டி ஒரு அடையாளமாய் ஆனது. கச்சான் பட்டர் கப் எண்ட அவையின்ர வகையும் அந்த வழியில வந்ததுதான்.

கச்சான் பட்டரில எண்ணெய் மேல மிதக்காமல் நிக்கிற வித்தையும் அமெரிக்காவில வந்ததுதான். ஜோசப் ரோஸ்ஃபீல்ட் எண்டவர் 1920களில, எண்ணெயின்ர ஒரு பங்கை இறுக்கி, போத்தலில பிரியாமல் நிக்கிற பட்டருக்குக் காப்புரிமை எடுத்தவர். இப்ப சுப்பர்மார்க்கெட்டில வாங்குற கனக்கப் போத்தல் அந்த வழியைப் பின்பற்றினதுதான்.

வெள்ளவத்தை அலை:
பாலும் பனியும் அண்ணை, இவ்வளவு விளக்கமாய் எழுதினதுக்கு நன்றி. இன்னுமொரு கேள்வி. ஒரே அளவு பெட்டி இரண்டு, ஒண்டு கனம், மற்றது இலேசு. ஏன்?

பாலும் பனியும்:
காற்று. ஐஸ்கிறீமை உறைய வைக்கேக்க அடிச்சு அடிச்சுக் காற்று ஏத்துவினம். காற்றே இல்லாட்டி அது ஐஸ் பாளம். ஒரு லீற்றர் கலவையை இரண்டு லீற்றராய்ப் பொங்க வைச்சால் லீற்றர் ஒண்டு 550 கிராம் அளவில நிக்கும். ஒண்டேகால் லீற்றராய் மட்டும் பொங்க வைச்சால் அதே லீற்றர் 880 கிராமுக்குக் கிட்ட வரும். கச்சான் பட்டர் வகைக்குக் காற்றுக் குறைவாய் இருக்க வேணும். நுரைக்குள்ள கட்டி நிண்டால் ருசி சேராது. கடையில பெட்டியைக் கையில தூக்கிப் பாருங்கோ, லீற்றரோட கிராமும் போட்டிருந்தால் அதையும் பாருங்கோ. பொருள் பட்டியலில பாற்கொழுப்போ தாவரக் கொழுப்போ எண்டும் பாக்க வேணும். தாவரக் கொழுப்புச் சேர்ந்தது சிலநேரம் வாயில படலமாய் ஒட்டி நிக்கும், கச்சான் வாசத்தையும் மூடிப்போடும்.

தெமட்டகொடை உம்மா:
அலை மகள், நான் ஊட்டுல செய்ற முறைய சொல்றேன். மெசின் ஒன்டும் தேவல்ல, முட்டை அடிக்கிற பீட்டர் ஒன்டு போதும்.

அரை லீற்றர் விப்பிங் கிறீம், ஒரு டின் பால் (சீனி போட்ட கட்டிப் பால்), முக்கால் கப் கச்சான் பட்டர், கால் தேக்கரண்டி உப்பு. கிறீமும் அடிக்கிற பாத்திரமும் பீட்டர் கம்பியும் பிரீசர்ல வெச்சி நல்லா குளிரணும். கொழும்பு சூட்டுல இத செய்யாட்டி கிறீம் எழும்பவே எழும்பாது. பகல்ல செய்யாதீங்க, இஷாவுக்குப் பொறவு செய்ங்க. கிறீம் கம்பிய தூக்கினா நுனி வளைஞ்சி விழுற பதத்துல நிப்பாட்டணும், அதுக்கு மேல அடிச்சா பட்டராப் போயிரும். டின் பாலையும் கச்சான் பட்டரையும் வேற பாத்திரத்துல கரைச்சி, கிறீம கொஞ்சங்கொஞ்சமா அதுல போட்டு அடியில இருந்து மேலால மடிச்சி மடிச்சி எடுங்க.

கட்டிக்கு, வறுத்த கச்சான தோல் நீக்கி ரெண்டாப் பொளந்து வெச்சிக்கங்க. கறுத்த சொக்லேட் 100 கிராம் உருக்கி ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெ விடுங்க. கச்சான அதுல பொரட்டி எண்ணெத் தாள்ல பரத்தி பிரிட்ஜுல வைங்க. இறுகினதும் கையால ஒடைங்க. சில துண்டுல ரெண்டு கச்சான் இருக்கும், சில துண்டுல அஞ்சு இருக்கும். அப்பிடி ஏறி எறங்கி இருக்கிறதுதான் சொகம்.

கோட்டுக்கு, அரை கப் கச்சான் பட்டர், ரெண்டு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெ, ரெண்டு மேசைக்கரண்டி ஐசிங் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியில இருந்து அறாம நூலா வடியணும். பொறவு பெட்டியில ஒரு அடுக்கு ஐஸ்கிறீம், மேல கோடு, கட்டி, திரும்ப ஐஸ்கிறீம். கலக்கிறாதீங்க. கத்தி முனையால ஒருக்கா இழுத்து விட்டா போதும். மேல தாள் ஒட்ட வெச்சி மூடி ஒரு ராவு முழுக்க வைங்க.

பாலும் பனியும்:
உம்மா சொன்ன எண்ணெய் விசயம் மிகச் சரி, அதை யாரும் மாத்திச் செய்யாதேங்கோ. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையிலதான் உருகும். பிரீசரில அது ஓடாய் இறுகி நிக்கும். கச்சானைச் சுத்தி ஈரம் போகாத கவசம் வேணும், அதுக்கு அது நல்லது. வாயில வைச்ச உடன உடைஞ்சு உருகியும் போகும். அதே எண்ணெயைக் கோட்டுக்கு விட்டால் கோடு பலகையாய்ப் போகும். கோட்டுக்குச் சூரியகாந்தி எண்ணெய்தான்.

மலைச்சாரல்:
நான் ஹட்டன் பக்கம், இப்போ பொரளையில ரூம் எடுத்து தங்கியிருக்கேன். உம்மா முறைய வாசிச்சப்பவே செய்யணும்னு தோணுது. ஒன்னு கேக்கணும், போத்தல்ல வர்ற பட்டர் தானா, நாமளே அரைச்சா நல்லாருக்காதா? புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுல கச்சான் கிலோக் கணக்குல வாங்கலாம். எங்க வீட்டுல கச்சான மணல்ல போட்டுத்தான் வறுப்பாங்க. மணல் சூடு எல்லா பக்கமும் ஒரே மாதிரி ஏறும், உள்ள வரைக்கும் பொன்னிறமாகும். சட்டியில எண்ணெ விட்டு வறுத்தா வெளிய கருகி உள்ள பச்சையா நிக்கும். அந்த மணல் வறுவல் வாசத்துக்கு போத்தல் பட்டர் கிட்டவே வராதுங்க.

கட்டிக்கு ஒரு வோட்டு:
மலைச்சாரலுக்கும் என்ர வோட்டு. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் வீதியில வரிசையாய்க் கச்சான் கடை. வறுக்கிற சட்டிக்குக் கிட்ட நிண்டால் அந்த வாசத்திலயே பாதி வயிறு நிறைஞ்சிடும். அந்தக் கச்சானில ஐஸ்கிறீம் செய்தால்!

பாலும் பனியும்:
மலைச்சாரல், வாசத்துக்கு நீங்கள் சொன்ன வழிதான் சரி. வறுக்கேக்க கச்சானின்ர புரதமும் சீனியும் சூட்டில சேர்ந்துதான் அந்த வாசம் பிறக்குது. இளமஞ்சளில இறக்கினால் பால் அந்த வாசத்தை விழுங்கிவிடும். சாதாரணமாய்ச் சாப்பிடுறதுக்கு வறுக்கிறதை விட ஒரு படி கூடுதலாய், கருகாமல், செம்மண்ணிறத்துக்குக் கொண்டு போங்கோ. மணலை நல்லாய் அரிக்க வேணும், ஒரு மணி மணல் பல்லில பட்டாலும் எல்லாம் போச்சு. சிவத்தத் தோல் முழுக்கப் போக வேணும், அது கசக்கும். அரைக்கேக்க முதல்ல மாவாய் வரும், பிறகு உருண்டையாய்த் திரளும். அந்த இடத்தில நிப்பாட்டாமல், மிக்சி சூடேறாமல் விட்டு விட்டு அரைச்சால் எண்ணெய் விட்டு இளகி வரும்.

வாங்கேக்க ஒண்டில மட்டும் கண்டிப்பாய் இருங்கோ. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சணம் பிடிச்சது, கசப்பது எல்லாத்தையும் பொறுக்கி எறிய வேணும். ஈரம் பட்ட கச்சானில வளர்ற பூஞ்சணம் அஃப்லரொக்சின் எண்ட நஞ்சை விடும். அது ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. கொழும்புக் காத்தில ஈரம் கூட. கனக்க வாங்கி மாசக்கணக்கில வைக்காமல் தேவைக்கு வாங்குறதுதான் புத்தி.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
ருசியான கதைக்கு நடுவில வாறதுக்கு மன்னிக்க வேணும், ஆனால் இதை எழுதாமல் போக ஏலாது. என்ர சின்னவனுக்குக் கச்சான் ஒவ்வாமை. வறுத்தாலும் அரைச்சாலும் குளிர வைச்சாலும் அந்த ஒவ்வாமை போகாது. ஐஸ்கிறீம் கடையில எல்லா வகைக்கும் ஒரே கரண்டி, அதைக் கழுவுறது ஒரே தண்ணிக்குள்ள. வனிலா கேட்டாலும் கச்சான் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டில செய்து ஆக்களுக்குக் குடுக்கேக்க தயவு செய்து முதல்ல கேளுங்கோ. முகம், உதடு வீங்கி மூச்சு இழுத்தால் பாத்துக்கொண்டு நிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. ஒவ்வாமை இல்லாத சின்னப் பிள்ளையளுக்கும் முழுக் கச்சான் குடுக்காதேங்கோ, தொண்டையில அடைக்கும். மென்மையாய் அரைச்ச வகைதான் அவைக்கு.

தெமட்டகொடை உம்மா:
நல்ல நேரத்துல சொன்னீங்க மகள். அல்லாஹ் புள்ளைக்கு சொகத்தக் குடுக்கட்டும். நான் இனி பெட்டி மூடியிலயே கச்சான் இருக்குன்டு எழுதித்தான் ஊடுகளுக்கு அனுப்புவேன்.

வெள்ளவத்தை அலை:
நானும் எழுதுவன். நன்றி அக்கா.

கிருலப்பனை வாசகன்:
ஒரு மனவருத்தத்தையும் சொல்லிப்போடுறன். போன மாசம் ஒரு கடையில விலை கூடின இறக்குமதிப் பெட்டி ஒண்டு ஆசையாய் வாங்கினன். மூடியைத் திறக்க மேல முழுக்க ஐஸ் ஊசி. பட்டர் கோடு அடியில போய்த் தேங்கிக் கிடந்தது. காசும் போய் ஆசையும் போச்சு. வாங்க முன்னம் கண்டுபிடிக்க வழி இருக்கோ?

பாலும் பனியும்:
அது எங்கயோ உருகித் திரும்ப உறைஞ்ச பெட்டி. உருகேக்க சின்னச் சின்ன ஐஸ் மணியெல்லாம் கரையும், திரும்ப உறையேக்க பெரிய பளிங்காய்த் திரளும். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினவையெல்லோ, அந்த நாளையில நல்ல ஐஸ்கிறீம் எத்தனை இப்பிடிப் பழுதாய்ப் போச்சு. பெட்டியின்ர பக்கத்தை அமத்திப் பாருங்கோ, நெகிழ்ந்தால் வேண்டாம். மூடி விளிம்பில ஒட்டின கறை, பெட்டி வெளியில தடிச்ச ஐஸ் படலம், உள்ள இறங்கின மட்டம் இதெல்லாம் கண்டால் திருப்பி வையுங்கோ. பெட்டி நிரம்பக் குவிச்சு வைச்சிருக்கிற பிரீசரில, உட்பக்கம் போட்டிருக்கிற நிரப்பு மட்டக் கோட்டுக்கு மேல நிக்கிறதை எடுக்காமல் கீழ கிடக்கிறதை எடுங்கோ. வீட்டுக்குக் கொண்டு வாறதுக்கு ஒரு பழைய பத்திரிகைத் தாள் நாலு மடிப்பில சுத்தினால் போதும், காலி வீதி நெரிசலில முச்சக்கரவண்டிக்குள்ள அது தாக்குப் பிடிக்கும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
ஒரு விசயம் எழுத வந்தன். நேற்றுப் பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனனாங்கள். வனிலாக் கப் ஒண்டு வாங்கினன். பக்கத்து வண்டியில கச்சான் வறுத்துக்கொண்டு நிண்டார், ஒரு சுருள் வாங்கினன். கோதுடைச்சு, உள்ளங்கையில தேய்ச்சுத் தோலை ஊதி விட்டு, சூட்டோட வனிலாவுக்கு மேல போட்டன். கச்சான் விழுந்த இடமெல்லாம் சின்னக் குழி விழுந்து பால் உருகிச் சுத்தி நிண்டது. அதை உருக உருக அள்ளிச் சாப்பிட்டன். உப்புக் காத்து, சூடு, குளிர் எல்லாம் ஒரு வாயில. அண்ணை சொன்ன இரண்டாவது ருசி நேற்று விளங்கினது. வழுவழுப்பு இன்னும் பிடிக்கும், ஆனால் இனிக் கட்டி வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன்.

கட்டிக்கு ஒரு வோட்டு:
தம்பி!!! வரவேற்கிறம்.

மலைச்சாரல்:
தம்பி எழுதினத வாசிச்சு வாயில தண்ணி ஊறுது. கச்சான் அல்வாவ நொறுக்கி போட்டா எப்படி இருக்கும்? வெல்லப் பாகு ருசியும் வருமே.

பாலும் பனியும்:
அண்டைக்கே சாப்பிடுறதெண்டால் அருமை. வைச்சிருக்கிறதெண்டால் வேண்டாம். இறுகின பாகு ஐஸ்கிறீமில இருந்து ஈரத்தை இழுத்து இளகித் தேனாய்ப் போகும், கச்சான் நடுவில ஊறிப்போகும். மேல தூவிக் குடுங்கோ, உள்ள புதைக்காதேங்கோ. கித்துள் பாணியும் அப்பிடித்தான், கரண்டியால மேல விட்டால் அதுக்கு நிகர் இல்லை.

வெள்ளவத்தை அலை:
செய்திட்டன்! உம்மா சொன்ன முறை, மலைச்சாரல் சொன்ன மணல் வறுவல், அண்ணை சொன்ன உப்பு. கச்சானை அம்மா வறுத்துத் தந்தவ. இண்டைக்குக் காலமை பெட்டியை வெட்டிப் பாத்தால், இள மண்ணிற ஐஸ்கிறீமுக்கு நடுவால கோடு விரல் தடிப்பில வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, வெட்டுவாயில கச்சான் பாதிகள் பொன்னிறமாய்த் தெரியுது. சொக்லேட் ஓடு பல்லில "டக்" எண்டு உடைஞ்சு, அதுக்குப் பிறகுதான் கச்சான் கடிபட்டது. அப்பா இனிப்பே தொடாத மனிசன், அவர் கிண்ணத்தை இரண்டாந்தரம் நீட்டினார். உம்மா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல.

ஒரு சின்ன விசயம். பிரீசரில இருந்து எடுத்த உடன கரண்டி இறங்குதில்லை. வெளியில வைச்சால் ஓரம் உருகித் தண்ணியாய்ப் போகுது, நடு கல்லாய் நிக்குது.

தெமட்டகொடை உம்மா:
மாஷா அல்லாஹ். உங்க வாப்பா ரெண்டாந்தரம் கேட்டாரே, எனக்கு அது போதும். பெட்டிய வெளிய வைக்காதீங்க மகள், பிரீசர்ல இருந்து எடுத்து பிரிட்ஜுக்குள்ள கா மணித்தியாலம் வைங்க. எல்லா பக்கமும் ஒன்டா இளகும். எடுத்த பங்கு போக மிச்சத்துக்கு மேல தாள ஒட்ட வெச்சி ஒடனே பிரீசருக்கு அனுப்புங்க.

மலைச்சாரல்:
உம்மா, வெள்ளைச் சொக்லேட்டுல பொரட்டலாமா? கறுப்பு எனக்கு கொஞ்சம் கசக்குது.

தெமட்டகொடை உம்மா:
பொரட்டலாம் மகன். ஆனா அது சீனி கூட, டின் பாலும் சீனி, திகட்டிரும். டின் பால்ல கா பங்கு கொறைங்க, கச்சான இன்னும் கொஞ்சம் செவக்க வறுங்க, கட்டி இறுகுறதுக்கு முந்தி மேல கல்லுப்பு பொடிச்சி தூவுங்க. டின் பால் கொறைஞ்சா ஐஸ்கிறீம் கொஞ்சம் இறுக்கமா வரும், பிரிட்ஜுல இன்னும் அஞ்சு நிமிசம் கூட வெச்சி எடுங்க.